வெர்னா எழுதிய நொண்டி ஆள்

சிகாகோவின் ‘ஈவினிங் பீக்கன்’ பத்திரிகையில் பதினோரு ஆண்டுகளாக வெர்னா கோலாரிக் நூற்றுக்கு மேற்பட்ட கொலைகளை எழுதியிருந்தாள். ஒரு பிணத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. நிருபர்கள் ஊர்மூலையிலிருந்து டெலிபோனில் சேதியைக் கொட்டுவார்கள். அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதைக் கதையாகத் தட்டச்சு செய்வாள். மரக்கிடங்குக் கூலியின் மகள். வரி விளம்பரப் பகுதியில் சேர்ந்து, முப்பத்து நாலு வயதுக்குள் அலுவலகத்திலேயே வேகமான கை என்று பெயர் எடுத்துவிட்டாள். அந்தப் பெயரும் நாலு சுவருக்குள்தான். அச்சில் நிருபர் பெயர்தான் வரும்.

அதிகமாக வந்த பெயர் லெஸ்டர் டோஹெனி. கொலை வழக்கென்றால் அவன்தான். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் அதே வம்பு.

“அவ்ளோதான் சேதி. என்னைக் கட்டிக்கிறியா?”

“இதை மொதப் பக்கத்துல போடணுமா, சாவு அறிவிப்புல போடணுமா?”

“உன் இஷ்டம், ராசாத்தி. என் படத்தை மட்டும் பெருசாப் போடு.”

மூன்று வருடமாக இந்தக் கூத்து. சிரித்துக்கொண்டே ரிசீவரை வைப்பாள். வைத்த பிறகு ஒரு நிமிடம் கை ஓடாது. அதை அவனிடம் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பியானோ டீச்சர் ஆடில் ப்ரூயர் தன் அடுக்குமாடி வீட்டில் கழுத்து நெரிபட்டுக் கிடந்தாள். திங்கள் சாயங்காலம் நடந்த கொலை என்றார்கள். கதவு உடையவில்லை, பொருள் எதுவும் போகவில்லை.

“யாருமே எதையும் பாக்கலையா, லெஸ்?”

“பூனைகூடப் பாக்கல. மத்தியானப் பதிப்புக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு. நீயே கொஞ்சம் உப்புப் போட்டுக்கோ.”

உப்புப் போடுவது அந்தத் தொழிலில் தப்பே கிடையாது. யாரையும் கடிக்காத பொய்யாக இருந்தால் போதும்: திரைச்சீலையின் நிறம், அடுப்பில் ஆறிப்போன காப்பி, இப்படி. அன்றைக்கு வெர்னா, ஒரு காலைச் சாய்த்து நடந்த ஆள் ஒருவன் பின்வாசல் வழியாகப் போனதாக அக்கம்பக்கத்தில் பேச்சு என்று எழுதினாள். வெறுமனே ஓர் ஆள் என்று போட்டால் யார் படிப்பார்கள்? அந்த ஒரு வரிக்காகவே ஆசிரியர் மக்ராத் முதல் பக்கத்தை மாற்றிப் போட்டார்.

மற்றப் பத்திரிகைக்காரர்கள் வயிறெரிந்தார்கள். ஆனால் பொய் என்று ஒருவனும் எழுதவில்லை. அந்த ஊரில் நிருபன் ஒருவன் செத்தாலும் சாவானே தவிர, தான் ஒன்றைத் தவறவிட்டதாக ஒப்புக்கொள்ளமாட்டான். மாலைக்குள் ஒரு பத்திரிகை நொண்டி ஆளுக்குப் பழுப்புத் தொப்பி வைத்தது. புதன்கிழமை இன்னொன்று அவனைப் படியில் தடுமாற வைத்தது. வியாழக்கிழமை அதே கட்டடத்தில் குடியிருந்த மூன்று பேர், அவனைக் கண்ணால் பார்த்தோம் என்று போலீஸில் சொன்னார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்ல. மூன்று நாள் படித்ததைப் பார்த்ததாகவே நம்பிவிட்டார்கள், பாவிகள்.

வெள்ளிக்கிழமை ஓட்டிஸ் நீமன் என்பவனைப் பிடித்தார்கள். அந்தத் தெருவுக்கு ஐஸ் கட்டி போடுகிறவன். எப்போதோ வண்டிச் சக்கரம் ஏறி நொண்டிப்போன இடது கால்.

சேதி வந்ததும் வெர்னா மேஜையை விட்டு எழுந்தாள். அலுவலகத்துக்கு எதிரே இருந்த சிற்றுண்டிக் கடையில் லெஸ்டரைப் பிடித்தாள். அவன் ஆப்பிள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தான்.

“அந்த ஆளு நான் எழுதினவன், லெஸ். அப்படி ஒருத்தன் கெடையவே கெடையாது.”

“மெதுவாப் பேசு. வெளியில தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரு சீட்டும் கிழியும்.”

“அங்க அவன் உசிரே போகப்போவுது.”

“கோர்ட்டு எதுக்கு இருக்கு? நிரபராதின்னா விட்டுடப்போறாங்க.” பிறகு அவள் கையைப் பிடித்தான். முகத்தில் வம்பு இல்லை. “நெசமாக் கேக்கறேன். கட்டிக்கலாம். கலிபோர்னியா போயிடலாம். இதெல்லாம் மறந்துடும்.”

மூன்று வருடமாக அவள் காத்திருந்த குரல் அது. ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால் அங்கேயே சரி என்றிருப்பாள். “மொதல்ல என்கூட வந்து உண்மையைச் சொல்லு” என்றாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து வெளியே வந்து, தெருவில் நின்று அழுதாள்.

மக்ராத்திடம் போனாள். அவர் சிரித்தார். “நீ கற்பனை பண்ணினது நெசமாப் போச்சு. சந்தோஷப்படும்மா. போய் வேலையைப் பாரு.”

அரசு வக்கீல் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த உதவி வக்கீல் பொறுமையாகவே கேட்டான். “சரிங்கம்மா, நீங்க கற்பனையாத்தான் எழுதுனீங்க. ஆனா மூணு பேரு சத்தியம் பண்ணிச் சொல்றாங்க. அன்னிக்கு நீங்க அந்த எடத்துல இருந்தீங்களா?”

“இல்ல.”

“அவங்க இருந்தாங்க.”

பதினோரு ஆண்டுகளாக எதையும் பார்க்காமலே எழுதியவளுக்கு, பார்த்தேன் என்கிறவர்களை மறுக்க வாய் இல்லை. நீமனின் வக்கீல் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். வேலை போன ஆத்திரத்தில் உளறுகிறாள் என்று எதிர்த்தரப்பு முடித்துவிட்டது. உண்மையில் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டதற்காகத்தான் வேலை போனது. தேதியைச் சரிபார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நீமனுக்கு மின்சார நாற்காலி என்று தீர்ப்பு வந்தது. மறு வாரம் வெர்னா அவனைப் பார்க்கச் சிறைக்குப் போனாள். கம்பிவலைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவன் அவளைவிடச் சின்னவனாகத் தெரிந்தான். எதையும் மறைக்காமல் சொன்னாள். உப்பு, இருபது நிமிஷம், எல்லாம்.

அவன் கவனமாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். “உங்களுக்கு நல்ல மனசு, மேடம். ஆனா சாட்சி சொன்ன மாடி வீட்டு மிஸஸ் டோபினை எனக்கு ஒம்பது வருஷமாத் தெரியும். பொய் சொல்ற பொம்பளை இல்ல.”

“அவங்க பேப்பர்ல படிச்சதைச் சொல்றாங்க, ஓட்டிஸ். நீங்க அன்னிக்கு அங்க போகவே இல்ல.”

“அன்னிக்கு நல்லாக் குடிச்சிருந்தேன். எங்க போனேன்னு எனக்கே சரியாத் தெரியல. இத்தனை பேரு பாத்திருக்காங்க, பேப்பர்லயும் வந்திருக்கு. போயிருப்பேன்.”

“போகலைங்கறேன்! நான்தானே எழுதினேன்!” வெர்னா வலையைப் பிடித்து உலுக்கினாள்.

“அழாதீங்க, மேடம்” என்றான் அவன். “நான்தான் செஞ்சேன்னு நேத்தே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”