ஆறுக்கு ஆறு

சத்தியநேசன் முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். மயிலாடியில் அவர் வீட்டில் யாரும் குளிக்காமல், நல்ல உடுப்பு உடுக்காமல் விருந்தாளி முன்னால் வந்து நின்றதில்லை. அது அவர் போட்ட சட்டம். மனைவி நேசபாய் இறந்தபிறகும் அந்த வீட்டில் தனியாகவே இருந்தார். வயது எழுபத்தெட்டு.

மகன் ஷிபின், ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளன். அப்பாவை நாகர்கோவிலுக்குத் தன்னோடு கூட்டிப்போக நினைத்தான். அவர் அசையவில்லை. கடைசியில் ஒரு நர்ஸ் வந்து ஆறு காரியங்களைச் சோதித்துப் பார்ப்பதென்று ஒத்துக்கொண்டார்கள். குளிப்பது, உடுப்பது, கழிப்பறை போய்வருவது, எழுந்து நடப்பது, மலசலம் அடக்குவது, சாப்பிடுவது. ஆறையும் தானே செய்தால் மயிலாடி. ஒன்று குறைந்தாலும் நாகர்கோவில்.

நர்ஸ் ஜாஸ்மி பத்து மணிக்கு வந்தபோது, அவர் குளித்து, வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தனியா குளிப்பீங்களா, தாத்தா?"

"குளிச்சாச்சே மக்கா. ஒனக்குக் காட்ட இன்னொருக்க குளிக்கவா?"

"பொத்தான்?"

"பின்ன? எனக்க சட்டைய ஊர்க்காரனா வந்து போடுவான்?"

ஜாஸ்மி சிரித்துவிட்டாள். எழுந்து நடந்து காட்டினார். டீ குடித்துக் காட்டினார். மற்றதெல்லாம் கேட்டு எழுதியதுதான். ஆறுக்கு ஆறு. ஒரு போல்ட்டைக்கூடத் தானே முறுக்கிப் பார்க்காமல் கையெழுத்திடாதவன் ஷிபின். அன்று நர்ஸ் எழுதியதைப் பார்த்தே சரி என்றான்.

மூன்றாம் மாதம் குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. பதினோராம் நாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபிறகும் பக்கத்து வீட்டு இஞ்ஞாசி நின்றுகொண்டிருந்தார்.

"மக்கா, ஒரு வருசமா அண்ணனைக் குளிப்பாட்டி உடுப்பிச்சது நான்தான். நர்ஸ் வந்த அன்னைக்கும் எட்டு மணிக்கே முடிச்சுட்டுப் போனேன். ஒன்கிட்ட சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"விழுந்த அன்னைக்கு?"

"மகளுக்க பிரசவத்துக்குப் போயிருந்தேன். நான் வாரவரைக்கும் குளிக்காண்டாம்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமையாச்சே. குளிக்காம சர்ச்சுக்குப் போவாரா?"

ஷிபினுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"எப்படிக் குளிப்பாட்டுவீங்க, மாமா?"

இஞ்ஞாசி தண்ணீர்க் கப்பைப் பிடித்திருப்பதுபோல வெறுங்கையைச் சாய்த்துக் காட்டினார். "முதல்ல காலுக்கு. பொறவு முதுகுக்கு. எடுத்த உடனே தலையில ஊத்துனா நடுங்கிருவாரு. ஒரு கையால நெத்தியத் தாங்கிக்கிடணும்."

ஷிபின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்தக் கையால?" என்று கேட்டான்.