மூன்று வீட்டுக்கு ஒரே மணி

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுகிறாள், போகட்டும்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் நடக்கிற மீட்டிங்கில், என் பட்டன் போனை வைத்துக்கொண்டு நானே சேர்ந்துகொள்ளக் கற்றேன். எழுத்துத்தான் தெரியாதே தவிர எண் தெரியும். முப்பது வருஷம் மீன் விற்றவளுக்கு எண் தெரியாமல் இருக்குமா? முதலில் ஒரு நம்பருக்கு அடிக்க வேண்டும். ஒரு பெண் இங்கிலீஷில் வரவேற்பாள். அவள் பேச்சை முடிக்கும்வரை பொறுத்திருந்து மீட்டிங் நம்பர் பதினோரு எண்ணையும் அழுத்தி, கடைசியில் வேலி மாதிரி இருக்கிற பொத்தானை அழுத்தினால் உள்ளே போய்விடலாம். அந்தப் பதினோரு எண்ணையும் செபமாலை உருட்டுகிற மாதிரி உருட்டி உருட்டிப் பாடம் பண்ணினேன். இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.

மீட்டிங் எதற்கு என்றால், என் மகன் வேலை பார்த்த கப்பலை முதலாளி கைவிட்டுவிட்டான். வளைகுடாவில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு ஏழு மாதமாக நின்றது. சம்பளம் இல்லை, டீசல் இல்லை, இறங்கவும் அனுமதி இல்லை. அதில் எங்கள் கரைக்காரர்கள் மூன்று பேர். எங்கள் புன்னைக்காயலிலிருந்து என் மகன், தருவைகுளத்துக்காரி ஒருத்தியின் புருஷன், காயல்பட்டினத்து அம்மா ஒருவரின் மகன். அவர்களை மீட்க மாலுமிகள் சங்கத்துக்காரரும் வக்கீலும் திங்கட்கிழமை தோறும் மீட்டிங் போட்டார்கள்.

முதல் மீட்டிங்கில் எங்கள் சேவல் கூவிவிட்டது. "யார் வீட்டுச் சேவல் அது?" என்று வக்கீல் கேட்டார். "எங்க வீட்டுதுதான் சார். அதுவும் அவனைத்தான் கேக்குது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு ராத்திரி மருமகள் சிரிக்காமல் சொன்னாள்: "மாமி, உள்ள போன உடனே நட்சத்திரத்தையும் ஆறையும் அமுக்கிருங்க. நீங்க பேசுதது அவங்களுக்குக் கேக்காது. பேசணும்னா திரும்ப அமுக்கணும்."

இன்னொரு ஏற்பாடும் அவள்தான் செய்தாள். கப்பலில் எல்லாருடைய போனும் செத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை தண்ணீர் கொண்டு போகிற படகுக்காரன் இரக்கப்பட்டுத் தன் போனை ஐந்து நிமிஷம் கொடுப்பான். அந்த ஐந்து நிமிஷத்தில் மூன்று வீட்டுக்கும் எப்படி அடிப்பது? அதனால் ஒரே நம்பர் வாங்கினாள். அதற்கு அடித்தால் மூன்று வீட்டிலும் மணி அடிக்கும். ஒருத்தி எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் வாயை மூடிக்கொள்ளும். எடுத்தவள் கேட்டதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். மருமகளுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. பகலில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டுக்கு என் போன்தான்.

காயல்பட்டினத்து அம்மா கெட்டிக்காரி. முதல் நாளே சொல்லிவிட்டார். "அக்கா, பன்னெண்டரைக்கு நான் தொழ உக்காந்துருவேன். அந்நேரம் மட்டும் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிடுங்க."

"நீங்க நிம்மதியா தொழுங்கம்மா" என்றோம் நாங்கள் இருவரும். எங்களுக்கும் ஒரு நேரம் உண்டு என்பது எங்கள் வாயில் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால் கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று திரிகாலச் செபம் சொல்லுவோம். தருவைகுளத்திலும் அப்படித்தான். மூச்சு விடுவதை யாராவது முன்கூட்டிச் சொல்லி வைப்பார்களா?

ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தது. எழுந்து நின்று சிலுவை போட்டேன். பெஞ்சில் கிடந்த போன் அடித்தது. அந்தச் செபத்தில் மாதாவுக்குச் சொல்லுகிற அருள்நிறை மந்திரம் மூன்று தடவை வரும், நான் மூன்றாவதுக்கு வந்திருந்தேன். இதை முடித்துவிட்டு எடுப்போம் என்று நினைத்தேன். முடிப்பதற்குள் போன் நின்றுவிட்டது.

என் அப்பா சங்கு குளிக்கப் போனவர். அவர் முங்கும்போது மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பது என் தாய்மாமன். கரையில் கோயில் மணி கேட்டால் வள்ளத்தில் எல்லாரும் கும்பிடுவார்கள், மாமா மட்டும் கையை எடுக்க மாட்டார். கயிறு பிடித்திருக்கிறவனுக்கு அந்த நேரம் செபம் இல்லை. சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த விஷயம் அது. அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வரவில்லை.

எடுத்தது காயல்பட்டினத்து அம்மா. பேசினது என் மகன். பத்து நிமிஷம் கழித்து அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒங்க மவன்தான். வயிறு வீங்கியிருக்காம். கண்ணு மஞ்சளாயிருக்காம். தண்ணி குடிச்சாலும் வெளிய வருதாம். சீக்கிரம் ஆளு அனுப்பச் சொன்னான்."

"வேற என்ன சொன்னான்?"

"அதுக்குள்ள கட்டாயிட்டு அக்கா."

மருமகள் சங்கத்துக்காரருக்குச் சொல்லி, சனிக்கிழமையே அவசர மீட்டிங் போட வைத்தாள். துறைமுகத்தில் விடுமுறை, திங்கட்கிழமை டாக்டரோடு படகு போகும் என்று சொன்னார்கள். நட்சத்திரத்தையும் ஆறையும் திரும்ப அழுத்திவிட்டு நானே பேசினேன். "சார், இன்னைக்கே போகச் சொல்லுங்க சார்." பார்க்கிறோம் அம்மா என்றார்கள்.

திங்கட்கிழமை மருமகள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். நான் ஒரு எண்ணும் தப்பாமல் அழுத்தி உள்ளே போனேன். அப்படித் தப்பாமல் போனதில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம்கூடப் பட்டேன். போனில் வருகிறவர்களின் பேர் அவர்களுக்குத் தெரியாது, திரையில் வெறும் நம்பர்தான் தெரியும் என்று பிறகுதான் அறிந்தேன்.

வக்கீல் சங்கத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "நேத்துக் காலையிலேயே இறந்துட்டானாம். மனைவி இன்னும் லைன்ல வரலைல்ல? அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

"சார், யாரைச் சொல்லுதிய? யாரு?" என்று கத்தினேன். இன்னும் கத்தினேன். அவர்கள் பாட்டுக்கு அடுத்த காகிதத்தைப் பற்றிப் பேசினார்கள். உள்ளே போன உடனே வழக்கம்போல நட்சத்திரத்தையும் ஆறையும் அழுத்தியிருந்தேன். திரும்ப அழுத்த வேண்டும் என்று தெரியும். விரல் பொத்தானைக் கண்டுபிடிக்கவில்லை.

இருபது நாள் கழித்துப் பெட்டியில் வந்தான். மூடியைத் திறக்கக் கூடாது என்றார்கள். முகத்தைப் பார்க்கவில்லை, குரலையும் கேட்கவில்லை. குரலைக் கேட்டிருக்கலாம். அதை நினைத்து நினைத்து, மணி அடிக்கும்போது எழுந்து நிற்பதையே விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குக் காயல்பட்டினத்து அம்மா இரண்டு பஸ் மாறி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. எல்லாரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"அக்கா, ஒண்ணு மறைச்சிட்டேன். நான் அலோன்னதும் ஒங்க மவன் மொதல்ல சிரிச்சான்."

"சிரிச்சானா?"

"'சின்னம்மா, நீங்களா எடுத்திய? அங்கன இப்ப மணி அடிச்சிருக்கும். எங்க அம்மா எந்திச்சி நிப்பா. உலகமே அழிஞ்சாலும் எடுக்க மாட்டா'ன்னான். பொறவுதான் வயித்து வலியைச் சொன்னான்."

"இதை ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நீங்க செபத்தையே விட்டுருவியளோன்னு பயந்தேன். சொல்லாமலே விட்டுட்டிய."

அந்த ஒரே நம்பரை நிறுத்திவிடலாமா மாமி என்று மருமகள் கேட்டாள். மற்ற இரண்டு பேரும் இன்னும் கப்பலில்தானே இருக்கிறார்கள், கிடக்கட்டும் என்றேன்.

போன வெள்ளிக்கிழமை மணி அடித்தது. எழுந்து நின்றேன், போன் கையில் இருந்தது. இரண்டாவது அருள்நிறையில் அது அடித்தது. பாதியில் நிறுத்திவிட்டு எடுத்தேன். காயல்பட்டினத்துப் பையன்.

"யாரு எடுத்திருக்கிய? உம்மாவா?"

"நான்தாம்லே, அவன் அம்மா" என்றேன். மறுமுனையில் விசும்பல் கேட்டது. "அழாத. அஞ்சு நிமிசந்தான் இருக்கு. சாப்பிட்டியா, அதைச் சொல்லு மொதல்ல."