நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் மொட்டை மாடியில் மோட்டாரோடு, மீதி நாள் அடித்தளத்துப் பள்ளத்தில் தண்ணீரோடு. வாய் மட்டும் எந்த மாடியில் இருந்தாலும் ஓயாது. லிஃப்ட் நின்றுவிட்டதென்று யாராவது குதித்தால், "அதுவும் மனுஷன்தானே சார், கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்" என்பார். திட்ட வந்தவர் சிரித்துவிட்டுப் படியேறிப் போவார்.

அக்கா ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டாள். அவள் அறைக் கதவில் 'கணினி நிர்வாகி' என்று பலகை இருந்தது. அதை அத்தான் ஒருமுறை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டிலும் அவளுக்கு அதுதான் பெயர். இன்னொரு காபி குடிக்கிறீர்களா என்று கேட்டால், "இரு, நிர்வாகத்துல கேட்டுச் சொல்றேன்" என்பார். "நிர்வாகம் மறுத்துடுச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இந்த ஒரே ஜோக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கல்யாண வாழ்க்கையையே ஓட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அக்கா போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். கணையத்தில் கட்டி. கண்டுபிடித்தார்கள் என்று சொல்வதற்கும் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கும் நடுவில் எங்களுக்கு அழக்கூட நேரம் இருக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் போன் செய்தார்.

"மாப்ள, கொஞ்சம் வந்துட்டுப் போ. கம்ப்யூட்டர்ல உங்க அக்கா வழி மறிச்சுகிட்டு நிக்கிறா."

மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். நான் பிரிண்டர் ரிப்பேர் செய்கிறவன். பிரிண்டர் தெரிந்தவனுக்குக் கம்ப்யூட்டரில் எல்லாமே தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. அதை நானும் கெடுத்துக்கொண்டதில்லை.

அக்காவின் லேப்டாப் ஜன்னலோர மேசையில் திறந்திருந்தது. முன்னால் அவள் நாற்காலி, அதன் முதுகில் அவள் சால்வை. அத்தான் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, அதில் என்னை உட்காரச் சொன்னார். நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. முக்காலியிலிருந்து கையை நீட்டித்தான் விசைகளைத் தட்ட வேண்டியிருந்தது.

"இதைப் பாரு," என்று ஒரு மருத்துவப் பக்கத்தைச் சொடுக்கினார். பக்கம் வரவில்லை. அந்தத் தளத்தைப் பார்க்க அனுமதி இல்லை, நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்று சாம்பல் நிறத்தில் இரண்டு வரி வந்தது. மெனுவின் அடியில் இன்னொரு வரி: 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது.'

"தொடர்புகொள்ளச் சொல்லுது. எங்கன்னு சொல்லல," என்றார். அவர் சிரிக்கவில்லை.

"பழைய ஆபீஸ் சமாசாரமா இருக்கும் அத்தான். காலேஜ் கணக்கு இன்னும் இதுல ஒட்டிட்டு இருக்கும்."

"நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் கேட்டுப் பாத்தேன்."

"யார்கிட்ட?"

"அவகிட்டதான். டீ வச்சுட்டு வந்து இங்க உக்காந்து, ஒரே ஒரு பக்கம் படிச்சுக்கறேன், விட்டுடுன்னு கேட்டேன். மறுபடி தட்டினா அதே ரெண்டு வரி. உயிரோட இருக்கும்போதும் அப்படித்தானே, ஒரு தடவை வேணாம்னா வேணாம்தான்."

அப்படி என்ன படிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ வீடு மாத்தின அன்னிக்கு வயித்தப் பிடிச்சுகிட்டு படியில உக்காந்தாளே. வாயுதான், ஒரு சோடா குடின்னு சொன்னது நான். அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாளா? அது எனக்குத் தெரியணும்."

அந்த நாள் எனக்கும் நன்றாக நினைவிருந்தது. கடைக்கு ஓடிப்போய் சோடா வாங்கி வந்தவன் நான். அவள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மேலே கிடந்த மெத்தையைக் காட்டி, "அதை யார் தூக்கறது, நிர்வாகமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

"டாக்டரையே கேட்டிருக்கலாமே."

"அவரு ஆறுதல் சொல்வாரு. எனக்கு அது வேண்டாம்."

வேலையில் இறங்கினேன். கல்லூரிக் கணக்கு எப்போதோ வெளியேற்றப்பட்டிருந்தது. கூடுதலாகச் சேர்த்திருந்த செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன், அந்த வரி போகவில்லை. வைரஸ் தடுப்பைக் கழற்றினேன். பிரவுசரையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். முதல் சொடுக்கிலேயே அதே இரண்டு வரி வந்தது. லேப்டாப்பின் உள்விசிறி திடீரென்று உரக்கச் சுற்றியது, யாரோ மூச்சு விட்டது போலிருந்தது. பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டில் குழந்தை அழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குப் பயமாக இருந்தது.

"எங்க வேலையில மோட்டார்ல கை வைக்கறதுக்கு முன்னாடி கதவைப் பாப்போம்," என்றார் அத்தான். "முக்கால்வாசி அங்கதான் யாராவது எதையாவது வச்சிருப்பாங்க."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரவுசரை அழித்தாலும் அழியாத ஓர் இடத்தில், இயந்திரத்திற்குள்ளேயே தடைகளை எழுதி வைக்க முடியும். அலுவலகங்களில் செய்வார்கள். தேடினேன். ஒரு சின்னக் கோப்பு இருந்தது. அதற்குப் பெயர் 'வேண்டாம்'. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள். திறந்தால் உள்ளே மருத்துவத் தளங்களின் முகவரிகள். கணையம் என்று தேடினால் வரக்கூடிய அத்தனை வாசலையும் அவள் கையாலேயே சாத்தியிருந்தாள்.

"அவதானா?" என்றார்.

"அக்காதான்."

கோப்பு உருவான தேதி ஓரத்தில் இருந்தது. அதை நான் வாய்விட்டுப் படிக்காமல் இருந்திருக்கலாம். அத்தான் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். நான் வீடு மாறியதற்கு முந்தின மாதம் அது.

"அப்ப சோடா குடிச்சப்ப அவளுக்குத் தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுதான் இருந்திருக்கு அத்தான். எவ்வளவு முத்திப்போச்சுங்கறதும் தெரிஞ்சிருக்கும். இல்லேன்னா நீங்க படிச்சுடக் கூடாதுன்னு இதை எதுக்கு மூடணும்? உங்க மேல தப்பே இல்ல."

பெரிய பாரத்தை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்தேன். அவர் சால்வையின் ஓரத்தைத் தொட்டார், உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"தப்பு இருந்திருந்தா பரவால்லடா. நானும் அவகூட அதுல இருந்திருப்பேன்."

பிறகு திரையைக் காட்டி, "எடுத்துடு" என்றார். கோப்பை அழித்தேன். மெனுவின் அடியிலிருந்த வரி மறைந்தது. மருத்துவப் பக்கத்தைச் சொடுக்கினேன், படங்களோடும் அட்டவணைகளோடும் சட்டென்று வந்து நின்றது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"உனக்காவது சொன்னாளா?"

குரல் மாறியிருந்தது. இல்லை என்ற பதிலுக்குத்தான் அவர் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கோபமும் வந்தது, இந்த நேரத்திலும் இவருக்குப் போட்டியா என்று. ஆனால் உண்மையும் அதுதான்.

"இல்ல அத்தான். யாருக்கும் சொல்லல."

அவர் முகம் தெளிந்தது. தன்னைவிட அவளுக்கு யாரும் நெருக்கமாக இருக்கவில்லை என்ற நிம்மதி அது. "யாருக்கும் சொல்லலையா," என்றார், கிட்டத்தட்ட சந்தோஷமாக.

பரிசோதனை முடிவை வாங்க அவள் எந்த பஸ்ஸில் போயிருப்பாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், திரும்பி வந்த அன்று மாலை எங்களுக்கு என்ன சமைத்திருப்பாள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரும் அங்கேதான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நிம்மதி அவர் முகத்தைவிட்டுப் போயிற்று.

"யாருக்குமே," என்றார்.