அம்பு துடைக்கும் துணி

கேள்வி கேட்காமல் கும்ஜாவுக்குச் சோறு இறங்காது. தைக்கக் கொண்டுவந்த கால்சட்டையைக் கையில் வாங்கும்போதே, "வலது முட்டி மட்டும் ஏன் இப்பிடித் தேஞ்சிருக்கு? யார் கால்ல விழுந்தீங்க?" என்று ஆரம்பித்துவிடுவாள். சாம்கொக் ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவளுடைய ஆல்டரேஷன் கடை. இரண்டு தையல் இயந்திரம், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஓயாத வாய். கணவர் உள்ளூர்ப் பேருந்தின் ஓட்டுநர். பேசாமல் சாலையைப் பார்த்துப் பழகியவர்.

"உன்னப் பொதைக்கப் போறப்பவும் குழி எத்தனை அடின்னு கேப்ப" என்பார்.

"கேக்காம? அளவு தப்பா வெட்டிட்டா, படுக்கப்போறது நீங்களா நானா?"

வில்லுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஊரின் மறுகோடியில் வில் மைதானம் இருந்தது. அங்கே பயிலும் பெண்கள் அம்புப் பையின் வார் அறுந்துபோனால் இவளிடம்தான் கொண்டுவருவார்கள். எல்லாப் பெண்களுக்கும் மோவாயில் ஒரே இடத்தில் மெல்லிய கோடு இருந்தது. அது நாண் படுகிற இடம் என்று ஒருத்தி சொன்னாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பட்டால் இப்படிக் கோடு விழும் என்று கும்ஜா கேட்க, நானூறு என்று அவள் சாதாரணமாகச் சொல்ல, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கும்ஜா கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போய் நின்றாள்.

அம்பு எய்வது அவளை அவ்வளவாகக் கவரவில்லை. எய்து முடித்ததும் எல்லாரும் எழுபது மீட்டர் நடந்துபோய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பலகையைத் தொடாமல் மூக்கை நீட்டிப் பார்த்து எண்களைச் சொன்னார்களே, அதுதான் பிடித்துப் போயிற்று. அம்பு கோட்டைத் தொட்டால் உள்வட்டத்தின் எண் கிடைக்கும் என்றார்கள். "எவ்வளவு தொடணும்? ஒரு நூல் அளவு போதுமா? தொட்டுதா தொடலையான்னு யார் சொல்றது?" என்று பயிற்சியாளரை அரை மணி நேரம் துளைத்தெடுத்தாள். அவர் பொறுமை இழந்து, "நடுவர் பரிட்சைன்னு ஒண்ணு இருக்கு, போய் எழுதுங்க. இங்க எங்களை விடுங்க" என்றார். விரட்டுவதற்காகச் சொன்னார். கும்ஜா போய் எழுதி, தேறியும் வந்துவிட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பிறகு பதினாறு வருஷம், கழுத்தில் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு போட்டி போட்டியாகப் போய்வந்தாள். வாழ்நாளில் ஒரு அம்புகூட எய்ததில்லை. "அடுப்புப் பத்தவைக்கத் தெரியாதவ உப்புப் பாக்க வந்துட்டா" என்று சக நடுவர்களே கேலி செய்தார்கள். ஆனால் கோட்டில் சந்தேகம் வந்தால் அவர்களே, "கும்ஜாவைக் கூப்பிடு" என்பார்கள். அரை நூல் கோணலையும் கண்டுபிடிக்கிற கண் அது.

அந்தப் பதினாறாவது வருஷம் ஒலிம்பிக்குக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டியின் கடைசிக் கட்டம் சாம்கொக்கிலேயே நடந்தது. எங்கள் நாட்டில் ஒரு பேச்சு உண்டு: ஒலிம்பிக்கில் முதலாவதாக வந்துவிடலாம், இங்கே மூன்றாவதாக வருவதுதான் கஷ்டம். பாதி பெருமை, பாதி வயிற்றெரிச்சல். ஏழு மாதம், ஆயிரக்கணக்கான அம்பு, அதற்குப் பிறகு மூன்றே இடம். முதல் இரண்டு இடங்கள் காலையிலேயே முடிவாகிவிட்டன. மூன்றாவது இடத்துக்கு இரண்டு பேர் சமமாக நின்றார்கள். இருவருமே உள்ளூர் அணி.

மூத்தவள் சுன்ரே. வயது இருபத்தொன்பது. இதற்கு முன் இரண்டு ஒலிம்பிக்குக்கான தேர்விலும் நாலாவதாக வந்து, இரண்டு முறையும் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தவள். இனி நாலு வருஷம் கழித்து அவளுடைய தோள் தாங்காது என்பது ஊருக்கே தெரியும். இளையவள் போரா. வயது இருபது.

சாம்கொக் மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் இளையவளோ அவள்தான் எல்லாருடைய அம்புகளையும் பலகையிலிருந்து பிடுங்க வேண்டும். இடுப்பில் கட்டிய துணியால் துடைத்து, தலை குனிந்து, இரண்டு கையாலும் அக்காமார்களிடம் கொடுக்க வேண்டும். போரா பன்னிரண்டு வயதில் வந்தவள். அவளுக்குப் பிறகு எத்தனையோ சின்னப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆனால் சுன்ரேயின் அம்பை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எட்டு வருஷமாக அவள்தான் பிடுங்கினாள்.

ஒரே அம்பு. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே பலகையில் எய்ய வேண்டும். எண் சமமானால் நடுப்புள்ளிக்கு அருகில் இருப்பது யாருடையதோ அவள் போவாள். பயிற்சியாளருக்கு இருவருமே தன் பிள்ளைகள். யார் பின்னால் நிற்பார்? முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சாமான் கொட்டகைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

இரண்டு அம்பும் நடுவட்டத்தில், பத்து.

கும்ஜா இருவருடனும் நடந்தாள். பலகையை அடைந்ததும் நடுவர் முதலில் சொல்லவேண்டிய வார்த்தை, "யாரும் தொடாதீங்க." பதினாறு வருஷமாகத் தவறாமல் சொன்ன வார்த்தை. அன்றைக்கு, இரண்டு அம்பும் நடுப்புள்ளியின் பக்கத்தில் உரசுகிற மாதிரி நின்றதைப் பார்த்ததும், ஒன்றையொன்று தொடுகின்றனவா என்ற ஆவலில் நாக்கு நின்றுவிட்டது. கண்ணாடி நனைந்திருந்தது. குனிந்து அதைச் சட்டை ஓரத்தில் துடைத்தாள். அவ்வளவுதான் நேரம்.

நிமிர்ந்தபோது பலகையில் அம்பு இல்லை. போரா இரண்டையும் ஒரே பிடியில் பிடுங்கி, துடைத்து, தலை குனிந்து, ஒன்றை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தாங்க."

சுன்ரேயும் வாங்கி அம்புப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மூன்று பேருக்கும் என்ன நடந்தது என்று உறைத்தது.

"அடிப் பாவி, என்ன பண்ணிட்ட?" என்றாள் கும்ஜா. தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

போராவின் முகம் வெளுத்துவிட்டது. "தெரியல நடுவரம்மா... கை அதுபாட்டுக்குப் போயிருச்சு."

பலகையில் இப்போது இரண்டு புதிய துளைகள் இருந்தன. ஒன்று நடுப்புள்ளியை ஒட்டி. மற்றது ஒரு அரிசி நீளம் தள்ளி. இரண்டு அம்புக்கும் ஒரே மஞ்சள் இறகு, ஒரே அணியின் நிறம். தண்டில் பொடியாக எழுதிய பேர் தூறலில் தெரியாததால், தொலைநோக்கி வைத்திருந்த யாருக்கும் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

தலைமை நடுவர் பியோன் குடையோடு ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டதும் குடையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு அவரவர் துளையைக் காட்டச் சொல்வது என்று முடிவாயிற்று.

போரா முதலில் வந்தாள். பியோன், "உன்னுது எது..." என்று கேட்டு முடிப்பதற்குள், "தள்ளி இருக்கறது" என்றாள்.

சுன்ரே அடுத்து வந்தாள். பலகையை நன்றாகப் பார்த்தாள். "நான் கவனிக்கலைங்க" என்றாள்.

"அப்ப முடிஞ்சுது" என்றார் பியோன். "பக்கத்துல இருக்கறது சுன்ரேயோடது. சின்னவளே ஒத்துக்கிட்டா. எழுதுங்க கும்ஜா."

கும்ஜா எழுதவில்லை. கேள்வி முடியுமுன்னே பதில் வந்தது அவளுக்குச் சரியாகப் படவில்லை. கடைக்கு வருகிறவர்களில், துணியைத் தாங்களே கிழித்துவிட்டு ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்று சொல்கிறவர்கள்தான் அப்படி முந்திக்கொண்டு பேசுவார்கள்.

"ஐயா, அந்த ரெண்டு அம்பையும் ஒரு தடவை தரச் சொல்லுங்க."

"எதுக்கும்மா? சம்பந்தப்பட்டவங்களுக்குள்ள சண்டையில்ல. நீயா ஏன் மூட்டுற? தோண்டினா மொதல்ல வர்றது உன் தப்புதான். 'தொடாதே'ன்னு சொன்னியா நீ?"

"சொல்லல. அதையும் எழுதிக்குங்க."

உண்மையைச் சொல்வதானால் கும்ஜாவுக்கும் சுன்ரே போகவேண்டும் என்றுதான் ஆசை. அந்தப் பெண் இரண்டு முறை நாலாவதாக வந்தபோதும் அவளுடைய சீருடையைச் சிறிதாக்கிக் கொடுத்தவள் இவள்தான். கவலையில் அவள் எத்தனை அங்குலம் இளைத்தாள் என்பது டேப்புக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் நல்லவள் ஆகியிருக்கலாம். ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்க அவளால் முடியாது. இது நல்ல குணமா கெட்ட குணமா என்று இன்றுவரை ஊரில் ஒரு முடிவு இல்லை.

அம்புகளை வாங்கி விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள். தையல்காரிக்கு ஊசியின் பருமன் விரலிலேயே தெரியும். சுன்ரேயின் அம்பு பழைய மாதிரி, ஒரு மயிரளவு தடி. போராவினுடையது அந்த வருஷம் வந்த புதிய ஒல்லி அம்பு. எந்த ஊசி எந்தத் துளையைப் போட்டது என்று துணியில் பார்ப்பது அவளுக்குத் தினசரி வேலை. பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு துளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பியோனையும் பார்க்கச் சொன்னாள். பிறகு அளவுகோலை வைத்து இருவரும் அளந்தார்கள்.

நடுப்புள்ளியை ஒட்டி இருந்தது ஒல்லித் துளை.

"போரா, உன்னுதுதான்டி பக்கத்துல" என்றாள் கும்ஜா.

போராவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "உங்களை யாரு பாக்கச் சொன்னா? நான் பிடுங்கினது தப்பு. தப்பு பண்ணவதான தோக்கணும்? அக்காவுக்கு இதாங்க கடைசி!"

"பிடுங்கினதுக்கு என்ன தண்டனைன்னு பியோன் ஐயா சொல்லுவாரு. அம்பு எங்க குத்துச்சுங்கறது வேற கணக்கு. அதை நீயும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது."

நடுவர் எச்சரிக்காததால் போராவைத் தண்டிக்க முடியாது என்று பியோன் தீர்ப்புச் சொன்னார். போரா தேர்வானாள். சுன்ரே தன் அம்பை வாங்கிப் பையில் வைத்தாள். போராவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். மறுபடியும் நாலாவது.

போரா ஒலிம்பிக் போய், தனிநபர் போட்டியின் இரண்டாம் சுற்றில் ஒரு புள்ளியில் தோற்றுத் திரும்பினாள். ஊர் சும்மா இருக்குமா? சந்தையில் மீன் விற்கிறவள் கும்ஜாவின் காதுபடவே, "சுன்ரே போயிருந்தா பதக்கம் வந்திருக்கும். இவ ஊசியால குத்திக் கிழிச்சுட்டா" என்றாள். அடுத்த போட்டிக்கு நடுவராக வரச்சொல்லிக் கும்ஜாவுக்கு ஓலை வரவில்லை. அது நியாயம் என்றே அவள் நினைத்தாள். அவளை அரித்தது வேறு. சுன்ரே "கவனிக்கலை" என்றாளே, நிஜமாகவே கவனிக்கவில்லையா? யாரிடமும் எதையும் கேட்கத் தயங்காதவளுக்கு இந்த ஒன்றைக் கேட்க மட்டும் கால் எழவில்லை.

கிம்ச்சி ஊறுகாய் போட முட்டைக்கோஸ் வந்து இறங்குகிற கார்த்திகைக் குளிரில் ஒரு மாலை சுன்ரேயே கடைக்குள் வந்தாள். கையில் ஒரு முழம் வெள்ளைத் துணி.

"ஓரம் மடிச்சுத் தைக்கணும் அக்கா. இடுப்புல கட்டிக்கற மாதிரி நாடாவும் வச்சு."

கும்ஜா துணியை வாங்கினாள். அம்பு துடைக்கும் துணி என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனாலும் அவள் வாயிலிருந்து வந்தது வேறு கேள்வி.

"சுன்ரே, அன்னிக்கு உனக்குத் தெரியும்தான?"

சுன்ரே இஸ்திரி மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அம்பு பலகைல நிக்கும்போதே தெரியும். பேரு எழுதியிருக்கே. என்னுது தள்ளித்தான் இருந்துச்சு."

"பின்ன ஏன்டி சொல்லல?"

"என்னுது பக்கத்துலன்னு பொய் சொல்ல வாய் வரல. அவளோடதுன்னு உண்மை சொல்லவும் வாய் வரல. அவ எனக்காகப் பொய் சொல்லியிருப்பான்னு தெரியும். சொல்லட்டும்னு விட்டுட்டேன்." மோவாய்க் கோட்டைத் தடவிக்கொண்டாள். "எட்டு வருஷமா என் அம்பை அவதான் தூக்கினா. அன்னிக்கு என் பொய்யையும் அவளே தூக்கட்டும்னு நின்னேன். உங்க மேலகூட அப்ப எனக்குக் கோவம்தான்."

"இப்ப?"

"ஒலிம்பிக்லேந்து வந்த மறுநாள் காலைல, எல்லாருக்கும் முன்னாடி வந்து, இடுப்புல துணியக் கட்டிக்கிட்டு என் அம்பைப் பிடுங்கறா அக்கா. தோத்துட்டு வந்தவ. துடைச்சு, ரெண்டு கையாலயும் நீட்டறா. வாங்க முடியல எனக்கு."

கும்ஜா துணியை மேசையில் வைத்தாள். மறைக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டேப்பை எடுத்தாள்.

"நாடா என்ன அளவு வைக்கணும்? யார் இடுப்புக்கு?"

"என் இடுப்புக்கு" என்றாள் சுன்ரே. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கெல்லாம் வேணும். அவ வர்றதுக்கு முன்னாடி நான் பலகைகிட்ட நிக்கணும்."