திரும்பும் நேரம்

2009 டிசம்பர் 17, வியாழக்கிழமை, காலை 6.40. நார்வேயின் வடகரையில் உள்ள ஸ்கார்வ்விக் துறைமுகத்திலிருந்து 'தெர்னா' என்ற படகு மீன்பிடிக்கக் கிளம்பியது. படகில் ஒருவர் இருந்தார்.

அவர் பெயர் ஹால்ஸ்டைன், வயது 58. அந்தப் புறப்பாட்டைக் கணினியில் ஏற்றியவன் நான். துறைமுக அலுவலகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன். பேய் என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுகிறவன். ஆனால் மறுநாள் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். எனக்கு வேறு சாட்சி இல்லை.

எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார். அதைக் கணினிப் படிவத்தில் 'திரும்பும் நேரம்' என்ற கட்டத்தில் பதிவோம். அந்த நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால், மீட்புப் படகுக்காரர்களின் போன்களில் தானாக மணி அடிக்கும். அந்த மணியை நம்பித்தான் ஊரில் பல பெண்கள் தூங்கினார்கள்.

படிவத்தைச் செய்தவனும் நான்தான். முதலில் கட்டம் 16:30 என்று இருபத்துநான்கு மணிக் கணக்கில் காட்டியது. பேச்சில் நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பதினாறு முப்பதாம்! இது என்ன துறைமுகமா, ராணுவமா?" என்று கிண்டல் செய்தவர் ஹால்ஸ்டைன். அதனால் பார்வைக்கு 4:30 என்று தெரியும்படி வடிவத்தை மாற்றினேன். கட்டம் குறுகல். காலையா மாலையா என்று காட்டும் குறியை எடுத்துவிட்டேன். மாற்றியது தோற்றத்தை மட்டும்தான். 16:30 என்று அடித்தால் திரையில் 4:30 தெரியும், உள்ளே 16:30 இருக்கும்.

அந்த வியாழக்கிழமை காலை, கிளம்புமுன் ஹால்ஸ்டைன் போனில் பேசினார்.

"நாலரைக்கு வந்துடுவேன், ஸ்வெரே."

"கிழவா, இந்தக் காத்துல போயே ஆகணுமா?"

"கிறிஸ்துமஸுக்கு யோருன் காட் மீன் கேக்கறா. கடையில வாங்கிட்டுப் போனா வீட்ட விட்டே தொரத்திடுவா."

சிரித்துக்கொண்டே பதிந்தேன். மேல் வரிசைகளில் 4:30, 3:45 என்று இருந்தன. கண் பார்த்ததைக் கை அடித்தது. 4:30. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. உள்ளே அது விடியற்காலை நாலரை. கிளம்பிய நேரத்தைவிட முந்தியதாக இருந்தால் மறுநாள் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன், இரவில் மீன் பிடிப்பவர்களுக்காக.

மாலை 5.30க்கு அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. அவர் மனைவி யோருன் முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வீடு வந்தது இரவு 11.10க்கு. அவர்தான் மீட்புப் படகுக்காரர்களுக்குப் போன் செய்தார். கவிழ்ந்த படகை 12.35க்குக் கண்டார்கள். ஹால்ஸ்டைன் அங்கே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் துறைமுகத் தலைவர் ஒட்வார் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"திங்கக்கிழமை விசாரணைக்கு வராங்க. அந்தக் கட்டத்த மாத்திடு."

"மாத்தினா? மணி ஏன் அடிக்கலன்னு கேப்பாங்களே."

"மெஷின் கோளாறு. அவ்வளவுதான். இப்படியே விட்டா உன் பேரு கெடும். யோருன் மூஞ்சில எப்படி முழிப்ப?"

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"இங்க பாரு. கவுந்த நிமிஷமே போயிருப்பான். மணி அடிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

அதை நம்பத்தான் எனக்கும் ஆசை.

அவர் போனதும் உட்கார்ந்தேன். மதியம் 2.10. டிசம்பரில் எங்கள் வடகரையில் சூரியன் உதிப்பதே இல்லை, வெளியே நல்ல இருட்டு. கட்டத்தின் வடிவத்தை மறுபடி இருபத்துநான்கு மணிக்கு மாற்றினேன். 04:30 என்று தெரிந்தது. என் தவறு, நான்கு இலக்கங்களில். அழித்தேன். 16:30 என்று அடித்து என்டர் தட்டினேன்.

16:31.

அந்தக் கட்டத்தில் மேல் அம்பு விசையைத் தட்டினால் ஒரு நிமிடம் ஏறும். விரல் பட்டிருக்கும் என்று நினைத்தேன். மறுபடி 16:30. என்டர். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

16:31... 16:32... 16:33...

அம்பு விசை தானாக உள்ளே போய் வந்தது. டக். டக். டக்.

விசைப்பலகையின் வயரைப் பிடுங்கினேன். திரையில் நிமிடங்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

17:36ல் நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம். டொக்... எங்கள் அலுவலகம் கடல்மேல் தூண்களில் நிற்கிறது. தரைக்கு அடியில் தண்ணீர்தான். அங்கிருந்து யாரோ உள்ளங்கையால் பலகையைத் தட்டினார்கள்.

மறுபடி ஓடியது. 18:20. நின்றது. டொக்.

ஒரு கடித உறையின் பின்னால் அந்த நேரங்களை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது.

19:05. டொக்.

20:41. டொக்... மெதுவாக.

22:47.

காத்திருந்தேன்.

சத்தம் இல்லை.

"ஹால்ஸ்டைன்...?"

இல்லை.

2.52க்குப் படிவத்தை மூடினேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். திறந்து பார்த்தேன். 04:30. அப்படியே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உடல் கரை ஒதுங்கியது. திங்கட்கிழமை விசாரணைக்கு வந்தவர்களிடம் நடந்த தவறைச் சொன்னேன். படிவத்தில் பார்த்ததைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 9ஆம் தேதி ஒரு போலீஸ் அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஹால்ஸ்டைன் கழுத்தில் நீர் புகாத பையில் போன் இருந்ததாம். கரை கடலுக்குள் நீளும் முனைக்கு அப்பால் சிக்னல் கிடையாது. கவிழ்ந்த படகின் முதுகில் உட்கார்ந்து எங்கள் அலுவலகத்துக்கு ஐந்து செய்திகள் எழுதியிருக்கிறார். ஒன்றும் போய்ச் சேரவில்லை. அதிகாரி நேரத்தோடு வாசித்தார்.

17:36. "மணி அடிச்சிருக்கும்ல? முனைக்கு வடக்க இருக்கேன்."

18:20. "கிளம்பிட்டாங்களா?"

19:05. "ஸ்வெரே, நாலரைன்னுதானே சொன்னேன்."

20:41. "யோருன் கிட்ட இப்போ சொல்லாதீங்க. வேலை முடிஞ்சு வரட்டும்."

22:47க்கு எழுதியதில் எழுத்து எதுவும் இல்லை.

அதிகாரி தந்த பிரதியோடும், நான் நேரங்களை எழுதிய உறையோடும் அன்றே யோருன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே படித்தார். இரண்டு முறை.

"மணி அடிச்சிருந்தா எவ்வளவு நேரத்துல போயிருப்பாங்க?"

"நாப்பது நிமிஷம்."

"சரி" என்று கதவைச் சாத்தினார்.

ஏப்ரலில் என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜூனில் யோருன் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே தங்கையிடம் போய்விட்டார்.