செல்லபாய் நிறுத்த விரும்பாத இரண்டு விசிறிகள்

என் தங்கை செல்லபாய் பன்னிரண்டு வயதில் மூளைக்காய்ச்சலை வென்றாள். இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தும் எழுந்தாள். குடிகாரப் புருஷனை விட்டு வந்து, சித்தாள் வேலை பார்த்து மகளை நர்சிங் படிக்கவைத்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், மலையடிவாரத்தில் கல்லாற்றுக்குப் பக்கத்தில் எண்ணாயிரம் ஆர்க்கிட் செடி நின்ற பசுமைக்குடிலில் வேலைக்குச் சேர்ந்து, அதன் மாதக் கரண்ட் பில்லை நாற்பத்திரண்டாயிரத்திலிருந்து இருபத்தொன்பதாயிரமாகக் குறைத்தாள்.

குடிலில் ஒரு பக்கம் தண்ணீர் வழியும் அட்டைச்சுவர், எதிரே ஆறு பெரிய விசிறி. விசிறி இழுக்கும் வெளிக்காற்று ஈர அட்டை வழியாக வந்து குளிரும். ஆனால் நம் ஊர்க் காற்றே பாதி நாள் ஈரம். அன்று அது குளிராது. செல்லபாய் இரண்டு தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, ஒன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றினாள். இரண்டு சிவப்புக் கோட்டுக்கும் ஒரு விரல் வித்தியாசம்கூட இல்லையென்றால் அன்று ஈரக்காற்று என்று பக்கத் திரையைச் சுருட்டிவிட்டு, தண்ணீர் மோட்டாரையும் நாலு விசிறியையும் நிறுத்துவாள். மற்ற இரண்டும் காற்றோட்டத்துக்கு, அவற்றைத் தொடமாட்டாள்.

முதலாளி ஹரிநாராயணன் நகரத்தில் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்காரர். ஏப்ரல் வெயிலில் போன் செய்தார்.

"நாலை நிறுத்தி ஒண்ணும் ஆகலையே. எல்லாத்தையும் நிறுத்து. பில் கட்டி மாளல."

"சாமி, அது ஈரக்காத்து நாளு. இப்பம் செடி வெந்து போவும்."

"சொன்னதைச் செய்."

நிறுத்தினாள். மூன்றாம் நாள் இலையெல்லாம் அவித்த கீரை.

அவர் இன்சூரன்சுக்கு ஒரு தாளோடு வந்தார். என்னைக் கூப்பிட்டாள், நகரத்தில் நான் இருக்கும் தம்பானூரிலிருந்து பஸ்ஸில் போய், மலையாளத்தில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். விசிறி போடப் பணியாள் மறந்துவிட்டாளாம். ஆள் மறந்தால் பணம் வரும், முதலாளியே நிறுத்தச் சொன்னால் வராது.

"கைநாட்டு வச்சுடு. நோக்கு ஒண்ணும் வராது. இல்லேன்னா நான் தெருவுலதான்."

"ஒண்ணும் வராதுன்னா ஒம்ம பேரைப் போடும் சாமி."

அவர் போனதும் நடந்ததை நடந்தபடி என்னை எழுதச் சொன்னாள். போன் வந்த நேரத்தையும் சேர்த்தேன்.

"இதுல கைநாட்டு வச்சா, அண்ணன் எழுதினதுல கண்ண மூடி அமுக்கினாள்னு சொல்லுவானுவ," என்றாள். ரேஷன் கார்டைப் பார்த்துத் தன் பெயரைப் பழைய பேப்பரில் எழுதி எழுதிப் பார்த்தாள்.

மறுநாள் இன்சூரன்ஸ்காரர் முன்னால் அந்தத் தாளில் பெயரை எழுதிக் கொடுத்தாள். ஹரிநாராயணனுக்குப் பணம் வரவில்லை, குடில் விற்றுப்போயிற்று. முதலாளியைக் கவிழ்த்தவள் என்று வேறு எந்தத் தோட்டமும் அவளைச் சேர்க்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி சிமெண்டுச் சட்டி சுமக்கிறாள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது.

தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. அவள் பெயரில் எழுத்து கோணல்தான், ஒன்றும் விடுபடவில்லை. என் தங்கை முதன்முதலில் கையெழுத்துப் போட்டது 2024 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை.