உளவியல் பாடத்தின் நன்மை தீமைகள்

தற்காலிகமாகத் தொடங்கிய ஒரு பாடத்தை நிறுத்துவதானால் அதைப் படித்த மாணவர்களின் கருத்தை எழுத்தில் பெற வேண்டும். அதை நடத்திய ஆசிரியரின் விளக்கத்தையும் எழுத்தில் பெற வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள வக்கீல் தேவையில்லை. பணிக்காலம் முழுவதும் இப்படிப்பட்ட விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஒரு விதியைக் கொல்ல அதை மீற வேண்டியதில்லை, பாதியை மட்டும் ஒழுங்காக நிறைவேற்றினால் போதும் என்று எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் கற்றுக்கொண்டேன்.

அங்கே ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். வீடு விழுப்புரத்தில். காலையில் பாசஞ்சர் ரயிலில் போவேன், மாலையில் அதிலேயே திரும்புவேன். எங்கள் கல்லூரியில் அப்போது பி.ஏ. வரலாறு மாணவர்களுக்குத் துணைப்பாடமாக அறிமுக உளவியல் வைக்க அனுமதி கிடைத்தது. இரண்டு வருடத்துக்குத் தற்காலிகமாக. பிறகு மேலிடம் பார்த்துச் சொல்லும். நாங்கள் கேட்டிருந்தது பொருளாதாரம். கொடுத்தது உளவியல். வந்ததை வைத்துக்கொண்டோம்.

பாடம் நடத்த ஒரு பெண் விரிவுரையாளரை நியமித்தார்கள். அவரும் விழுப்புரம்தான். கத்தோலிக்கக் குடும்பம். அப்பா தவறிப்போன பிறகு அம்மாவும் படித்துக்கொண்டிருந்த இரண்டு தம்பிகளும் அவரை நம்பித்தான் இருந்தார்கள். பாடம் நிரந்தரமானால் அவர் வேலையும் நிரந்தரம். பாடம் போனால் அவரும் போக வேண்டியதுதான். நியமன ஆணையிலேயே அது எழுதியிருந்தது. அந்த ஆணையைத் தட்டச்சு செய்தவன் நான்.

அவரும் அதே ரயிலில்தான் வருவார். விழுப்புரத்தில் சில மாணவர்கள் ஏறுவார்கள், விக்கிரவாண்டியில் சிலர், மயிலத்தில் சிலர். எனவே அந்தப் பாடத்தைப் பற்றிய மாணவர் கருத்து முழுவதையும் ஒரு விண்ணப்பமும் இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தே கேட்டுக்கொண்டு வந்தேன்.

முதல் மாதம் பயம். விக்கிரவாண்டியில் ஏறும் ஒரு பெண் சொன்னாள்: “மேடம், எங்கம்மா உங்ககிட்ட பேசவே பயப்படுறாங்க. மனசுல நெனைக்கிறத அப்படியே கண்டுபுடிச்சிடுவீங்களாம்.”

“அது தெரிஞ்சிருந்தா பிரின்சிபால் மனசுல என்ன இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சிருப்பேனேம்மா” என்றார் மேடம்.

விழுப்புரத்துப் பையன் ஒருவனுக்கு வேறு பிரச்சினை. “பைத்தியத்துக்குப் படிக்கிற படிப்பாடா அதுன்னு எங்க மாமா கேக்கறாரு மேடம். பொண்ணு குடுக்கறதா இருந்தாராம். இப்ப யோசிச்சிக்கினு இருக்காராம்.”

“பொண்ணு தப்பிச்சிச்சுன்னு சொல்லு” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் பாடம் நடந்த வாரத்தில் ரயிலே இரண்டுபட்டது. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் வாடை பெட்டிக்குள் வந்ததும் மாமா பெண்ணை இழந்தவன் மூக்கை நீட்டி, “மேடம், எனக்கு இங்க வந்தாலே எச்சி ஊறுது. நானும் அந்த நாயும் ஒண்ணா?” என்றான்.

“இந்த நாத்தத்துக்கே ஊறுதுன்னா நீ நாயவிட மோசம்டா” என்றான் எதிரே இருந்தவன்.

மேடம் சிரித்து முடித்துவிட்டு, அவன் சொன்னதையே உதாரணமாக வைத்துப் பேரணி ஸ்டேஷன் வரும் வரை பாடம் நடத்தினார். நானும் கேட்டேன். என் மேசையில் தொலைபேசி மணி அடித்தால் நான் ஏன் தானாக எழுந்து நிற்கிறேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மயிலத்தில் ஏறும் மாணவன் ஒருவன் இருந்தான். கூட்டேரிப்பட்டு நாற்சந்தியில் அவன் அப்பாவுக்கு டீக்கடை. சிரிக்கத் தெரியாதவன். முதல் வருடம் பாதியில் ஒருநாள், கூட்டம் இறங்கட்டும் என்று காத்திருந்து மேடத்திடம் மெதுவாகக் கேட்டான். அவன் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டானாம். சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு கோயிலுக்குக் கொண்டுபோய் அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு வரப்போகிறார்கள். “நீங்க வகுப்புல சொன்னது மாதிரியே இருக்குது மேடம். அது வியாதிதானா?”

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், எந்த நாளில் போக வேண்டும் என்று மேடம் சொன்னார். அப்பாவைச் சம்மதிக்கவைக்க அவரே கூட்டேரிப்பட்டுக்குப் போய், லாரிக்காரர்கள் டீ குடிக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பேசினார். கோடை வருவதற்குள் அந்த அண்ணன் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். சிரிக்கத் தெரியாத தம்பி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இந்தப் பாடம் மட்டும் வரலன்னா எங்கண்ணன் இன்னும் சங்கிலிலதான் கெடந்திருப்பான் சார்.”

அறிமுக உளவியல் பற்றிய மாணவர் கருத்து அதுதான். அதைப் பதிவு செய்ய அலுவலகத்தில் இடமில்லை.

இரண்டாம் வருட முடிவில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: மாணவர் கருத்தைப் பெற்று அனுப்புக. ஆசிரியர் விளக்கம் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. விதியை எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போனேன்.

“சார், மேடத்தோட விளக்கத்தையும் சேர்த்து அனுப்பணும்.”

“கேட்டிருக்கானா?”

“கேக்கல. ஆனா விதியில இருக்கு.”

“கேட்டத மொதல்ல அனுப்புய்யா. அந்தம்மா விளக்கத்த அப்புறம் பாத்துக்கலாம்.”

அலுவலக மொழியில் அப்புறம் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கருத்து பெறும் நாளன்று எல்லாம் முறைப்படி நடந்தது. கேடு அங்கேதான். மாணவர்களைப் பாதிக்கக் கூடாது என்று மேடத்தை அந்தப் பக்கமே வரக் கூடாது என்றார்கள். முறைதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக் கூடாது என்று தேர்வுக் கூடத்தில் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். அதுவும் முறைதான். வெள்ளைத்தாள் வாங்க ஒப்புதல் இல்லாததால், மாதிரித் தேர்வில் மிஞ்சிய விடைத்தாள்களைக் கொடுத்தார்கள். சிக்கனம். மேற்பார்வைக்கு வந்தவர் உடற்கல்வி இயக்குநர். கரும்பலகையில், ‘அறிமுக உளவியல் பாடம் பற்றி உமது கருத்தை எழுதுக’ என்று எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

ஒரு மாணவன் எழுந்தான். “எத்தினி மார்க்கு சார்?”

“மார்க்கெல்லாம் இல்ல. எழுது.”

“எத்தினி பக்கம் எழுதறதுன்னு தெரியணுமே சார்.”

“பேஜாரா போச்சே உன்னோட! பத்து மார்க்குன்னு வச்சிக்கோ. ஜல்தி எழுது.”

நான் வாசலில் கட்டுநூலோடு நின்றிருந்தேன். பத்து மார்க் என்றதும் கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் ஸ்கேலை எடுத்து ஓரக்கோடு போட ஆரம்பித்தது.

மாலையில் தாள்களை அடுக்கிக் கட்டும்போது படித்தேன். ஒன்று விடாமல் எல்லாத் தாளிலும் முன்னுரை, நன்மைகள், தீமைகள், முடிவுரை. தலைப்புகளுக்கு அடியில் கோடு. எட்டாம் வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் எழுதி வந்திருக்கிறார்கள். வானொலியின் நன்மை தீமைகள், திரைப்படத்தின் நன்மை தீமைகள், அறிவியலின் நன்மை தீமைகள். நன்மையை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான் கிடைக்கும். எனவே இருக்கிற பாடத்துக்கு இல்லாத தீமைகளை வியர்க்க வியர்க்கத் தேடியிருந்தார்கள். உளவியல் மிகுதியாகப் படித்தால் கண் கெடும். நேரம் வீணாகும். பண்பாடு சீரழியும். மாமா பெண்ணை இழந்தவன், பழைய கட்டுரை ஒன்றை மறக்க முடியாமல், இப்பாடம் அணுகுண்டு போன்ற அழிவு வேலைகளுக்கும் பயன்படக்கூடும் என்று எழுதியிருந்தான்.

கூட்டேரிப்பட்டு மாணவனின் தாளைத் தேடி எடுத்தேன். நன்மைகள்: மனநோயும் ஒரு நோயே என அறிய உதவுகிறது. ஒரே வரி. அண்ணன் இல்லை, சங்கிலி இல்லை, புதுச்சேரி இல்லை. சொந்த வீட்டுக் கதையைத் தேர்வுத்தாளில் எழுதக் கூடாது என்று அவனுக்கு யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தீமைகள் என்பதன் கீழே வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசித் தீமை: இதனால் விவசாயம் பாதிக்கப்படுகிறது.

மறுபடியும் முதல்வரிடம் போனேன். இது கருத்து இல்லை, கட்டுரை எழுதும் பழக்கம் என்றேன்.

“எழுதினது எழுதினபடியே போவணும். நீ யாருய்யா வியாக்கியானம் பண்றதுக்கு?”

அதில் தவறில்லை. வியாக்கியானம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள ஒரே ஆள் மேடம். நான் சொன்னதைக் கேட்டு அன்றிரவே இரண்டு பக்க விளக்கம் எழுதிக்கொண்டு வந்தார். முதல்வர் அதை வாங்கி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, “கேட்டா அனுப்பலாம்மா” என்றார். தாள்கட்டு மட்டும் பதிவுத் தபாலில் போனது.

ஏப்ரல் கடைசியில் ஆணை வந்தது. இப்பாடத்தில் பல தீமைகள் இருப்பதாக மாணவர்கள் அனைவரும் ஒருமனதாகத் தெரிவித்திருப்பதால் வரும் கல்வியாண்டு முதல் அது நிறுத்தப்படுகிறது என்றிருந்தது. மேலிடத்தில் எவரோ ஒருவர் தாள்களைப் புரட்டி, தீமைகளை மட்டும் பொறுக்கி, விவசாயம் உட்பட, ஆணையின் அடியில் பட்டியல் போட்டிருக்கிறார். நன்மைகள் எங்கே போயின என்று கேட்க முடியாது. கேட்டால் அது கோப்பில் உள்ளது என்பார்கள்.

மாலை ரயிலில் மேடத்திடம் ஆணையின் நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு முதலில் சிரித்தார். “விவசாயத்தையா சார் நான் கெடுத்தேன்?” பிறகு, “அது யாரு எழுதினது?” என்றார். சொன்னேன். விக்கிரவாண்டியில் மல்லாட்டை என்று கூவி வேர்க்கடலை விற்கும் பெண் வந்து இரண்டு முறை கூப்பிட்டும் மேடம் திரும்பவில்லை.

“நானும் அப்படித்தானே சார் நோட்ஸ் கொடுத்தேன்” என்றார் கடைசியில். “தலைப்புப் போடு, கோடு போடுன்னு.”

செய்தி தெரிந்து மாணவர்கள் அலுவலகத்துக்கு ஓடிவந்தார்கள். கூட்டேரிப்பட்டு மாணவன் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அது பரீட்சை இல்லயா சார்?”

“கருத்து கேட்டாங்கப்பா. உனக்கு நல்லதுன்னு பட்டா நல்லதுன்னு எழுத வேண்டியதுதானே?”

“எழுதினேனே சார். மொத பாயிண்ட்டே அதான். தீம எழுதலன்னா பாதி மார்க்கு போயிடுமே.”

“எந்த மார்க்கு?”

மறுநாள் எல்லோருமாகச் சேர்ந்து, பாடம் வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். முதல் வரியில் முன்னுரை என்று போட்டு அடிக்கோடு இழுத்திருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு நானே வேறு மனு எழுதினேன். விதியைக் காட்டி, ஆசிரியர் விளக்கம் பெறப்படவில்லை, எனவே ஆணையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று. மாணவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மேடத்தின் மேல்முறையீட்டையும் விளக்கத்தையும் இணைத்தேன். முதல்வர் இப்போது மறுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பரிந்துரை செய்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஜூன் போனது. துணைப்பாடமாக நாங்கள் முதலில் கேட்டிருந்த பொருளாதாரம் வந்தது. நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். பொங்கலுக்குப் பிறகு இன்னொன்று. மேடம் கொஞ்ச நாள் அவ்வப்போது விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வந்து நின்று, நான் ரயிலை விட்டு இறங்கும்போது என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லையென்று தலையசைப்பேன். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். முகையூரில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டதாக அவர் தம்பி சொன்னான். அங்கே வாய்ப்பாடும் கையெழுத்துப் பயிற்சியும் நடத்தினார். உளவியலில் முதுகலை படித்தவர்.

கடைசியில் பதில் வந்தது. ஆசிரியரின் விளக்கத்தைப் பெறாமல் முடிவெடுத்தது விதிக்கு முரணானது என்ற வாதம் ஏற்கப்படுகிறது. சம்பந்தப்பட்ட ஆசிரியர் தற்போது அப்பணியில் இருப்பின், தம் விளக்கத்தை மூன்று பிரதிகளில் உரிய வழியாக அனுப்பலாம்.

அப்பணியே இல்லாதபோது அப்பணியில் இருப்பது எப்படி என்று கடிதம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை முகையூருக்கு எடுத்துப்போனேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர், நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

“நாம ஜெயிச்சிட்டோம் இல்ல சார்?” என்றார்.

“ஆமாம்மா.”

கடிதத்தை நான்காக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அந்தக் கூட்டேரிப்பட்டுப் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். அண்ணனோடு கடையில் நிற்கிறான், அண்ணன் நன்றாக இருக்கிறான் என்றேன்.

அந்தப் பதில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது முதல்வர் அறையில் இல்லை. ஆசிரியர் தின விழாவில் மாலையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் யாரோ ஆசிரியப் பணியின் மேன்மையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை நானே கையெழுத்திட்டு வாங்கி, தேதி முத்திரையைக் குத்தினேன்: 1987 செப்டம்பர் 5.